மினுக்கத்துக்குக் காப்புரிமை கிடைக்குமா?

இப்போது வரும் பல கார்களின் முகப்பில், கிரில்லின் நடுவே நிறுவனத்தின் சின்னம் வெள்ளித்தட்டுபோல் பளபளக்கிறது. தொட்டுப் பார்த்தால் உலோகம் இல்லை, பிளாஸ்டிக். அதற்குப் பின்னால் ஒரு ரேடார் உட்கார்ந்திருக்கிறது. முன்னே போகும் வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, என்ன வேகத்தில் போகிறது என்று அளப்பது அதன் வேலை. அந்தக் கணக்கை நம்பித்தான் வண்டி தானாகவே வேகத்தைக் குறைக்கிறது, பிரேக் போடுகிறது.

1990களின் இறுதியில் மெர்சிடீஸ்-பென்ஸ் தன் எஸ் கிளாஸ் கார்களில் இந்த ரேடார் வசதியைக் கொண்டுவந்தது. பிறகு மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. ரேடாருக்கு வண்டியின் நடுமுகமே தோதான இடம். ஆனால் அது சின்னத்தின் இடமும்கூட. குரோம் முலாம் போட்ட சின்னம் அங்கே இருந்தால் ரேடார் அலை சுவரில் மோதிய பந்தாகத் திரும்பிவிடும். முலாமை எடுத்துவிட்டால் முகக்களை போய்விடும். இந்த இழுபறியிலிருந்து பிறந்த பல அடுக்குப் பூச்சை வைத்தே, அழகுக்குக் காப்புரிமை உண்டா என்ற கேள்வியைப் பார்க்கலாம்.

பிளாஸ்டிக்குக்கு முலாம் போடும் பழைய முறையில், ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை முதலில் குரோமிக் அமிலத்தால் அரிப்பார்கள். அதன்மேல் செம்பு, நிக்கல், கடைசியாக குரோம் என்று ஏற்றுவார்கள். கண்ணைப் பறிக்கும் அந்த குரோம் பெரும்பாலும் அரை மைக்ரான்கூட இருக்காது. கீழே இருக்கும் செம்பும் நிக்கலும்தான் கனம். மூன்றுமே இடைவெளியில்லாத உலோகப் படலங்கள். மின்சாரம் தடையின்றி ஓடும் இடத்தில் ரேடார் அலை நுழையாது.

மாற்றாக வந்தது இண்டியம். வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவிட்டால், தாமரை இலையில் தெளித்த நீர்போல இது திட்டுத்திட்டாகத் திரளும். சில பத்து நானோமீட்டர் தடிமனில் எண்ணற்ற உலோகத் தீவுகள் உருவாகும். ஒன்றை ஒன்று தொடாது. அந்த இடைவெளி நம் கண்ணுக்குத் தெரியாததால் முழு வெள்ளியாகவே மின்னும். ஆனால் தீவு விட்டுத் தீவுக்கு மின்னோட்டம் தாவ முடியாது. அதனால் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் நீளமுள்ள, 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார் அலை ஊடுருவிப் போய்விடும். இந்தப் படலத்துக்கு முன்னால் தெளிவான பாலிகார்பனேட், பின்னால் காப்புப் பூச்சு, அதற்கும் பின்னால் பிளாஸ்டிக் முதுகு. மொத்தத் தடிமனையும் அலை எதிரொலிக்காதபடி அந்தப் பொருளுக்குள் இருக்கும் அரை அலைநீளக் கணக்கில் அமைக்க வேண்டும்.

இதில் காப்புரிமைக்கு உரியது எது? வெள்ளி மினுக்கமா, தீவுகளா?

சட்டம் இங்கே தெளிவாகவே இருக்கிறது. 1973இல் மியூனிக்கில் கையெழுத்தான ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் 52ஆவது பிரிவு, அழகியல் படைப்பு என்ற அளவில் மட்டும் நிற்பதைக் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. நம் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆவது பிரிவும் இலக்கியம், நாடகம், இசை, ஓவியம் ஆகியவற்றோடு ‘எந்த அழகியல் படைப்பும்’ கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது. இதைப் படித்துவிட்டு, அலங்காரப் பூச்சு என்றாலே காப்புரிமைக்கு இடமில்லை என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது தவறு.

ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வு வழிகாட்டி சொல்லும் உதாரணங்கள் நம் விஷயத்துக்கு நெருக்கமானவை. டயரின் மேற்புறத்தில் உள்ள பள்ளங்கள் மழைநீரை நன்றாக வடித்தால் அது தொழில்நுட்ப அம்சம். டயரின் பக்கச்சுவருக்குக் கொடுத்த நிறம் வெறும் பார்வைக்கு என்றால் அப்படி இல்லை. அதே வழிகாட்டி, இதுவரை அந்த நோக்கத்துக்குப் பயன்படாத அடுக்கு அமைப்பினால் ஒரு துணிக்கு அழகு வந்தால், அந்தத் துணிக்குக் காப்புரிமை கிடைக்கலாம் என்கிறது. விளைவு அழகாக இருக்கலாம். அதை வரவழைத்த வழி தொழில்நுட்பமாக இருந்தால் போதும். எதிர்த்திசை உதாரணமும் உண்டு. கணினிக்கான பிளாப்பி டிஸ்க் உறையைக் கறுப்பு அல்லாத வெளிர் நிறத்தில் செய்ததற்காக ஒரு விண்ணப்பம் வந்தது. நிறத்தின் கவர்ச்சி தொழில்நுட்பப் பங்களிப்பு ஆகாது என்று மேல்முறையீட்டுக் குழு மறுத்துவிட்டது.

ஆகவே, ‘சின்னம் வெள்ளியாக மின்ன வேண்டும்’ என்பது வடிவமைப்பாளரின் ஆசை. காப்புரிமை விண்ணப்பத்தை ஆராயும் தேர்வாளர் அதைக் கண்டுபிடிப்பின் கணக்கில் சேர்க்கமாட்டார். பொறியாளரிடம் கொடுத்த நிபந்தனையாகவே எடுத்துக்கொள்வார். மின்னவும் வேண்டும், ரேடாரையும் விட வேண்டும் என்ற நிபந்தனைக்குப் பொறியாளர் கண்ட விடை துறை அறிந்த ஒருவருக்கு எளிதில் தோன்றக்கூடியதா என்பதே அவர் கேட்கும் கேள்வி. அலங்காரப் பூச்சு விண்ணப்பங்கள் பல விழுவதும் இந்த இடத்தில்தான்.

பாத்திரங்களைக் கடைசல் பிடிக்கும்போது இறுகப் பற்றிக்கொள்ளும் ஒரு கருவியைப் பற்றிய வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் 1978இல் சொன்னது இன்றும் அளவுகோலாக இருக்கிறது: பட்டறையில் வேலை தெரிந்த எவரும் செய்யக்கூடிய சின்ன மேம்பாடு கண்டுபிடிப்பு ஆகாது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2007இல் வண்டியின் ஆக்சிலரேட்டர் பெடல் வழக்கில் இதே திசையில் போனது. தெரிந்த பெடலோடு தெரிந்த சென்சாரைச் சேர்த்தது எவருக்கும் தோன்றக்கூடியதே என்றது. தெரிந்த பிரைமர், தெரிந்த உலோகப் படலம், தெரிந்த கிளியர் கோட் மூன்றையும் வரிசையாக அடுக்கி ‘புதிய பல அடுக்கு’ என்று எழுதினாலும் இதே கதிதான். அடுக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து தனித்தனியே தராத ஒன்றைத் தர வேண்டும்.

அடுத்தது எண்களின் சண்டை. இண்டியத் தீவுகள் பற்றிய உத்தி வெளியானபின், இன்னொருவர் தடிமனைக் குறுக்கி, இந்த எல்லைக்குள் இருப்பது என்னுடையது என்று கேட்கிறார். எண் புதியதாக இருப்பது மட்டும் போதாது. அந்த எல்லைக்குள் எதிர்பாராத நன்மை ஏதாவது வருகிறதா? கல் தெறித்தாலும் உரியாமல் பிடிப்பு கூடுகிறதா? உப்புநீர்ச் சோதனையில் தாக்குப்பிடிக்கிறதா? எல்லைக்குச் சற்று உள்ளே ஒரு மாதிரி, சற்று வெளியே ஒரு மாதிரி என்று செய்து, இரண்டின் சோதனை முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். தோல்வியடைந்த மாதிரியை விண்ணப்பத்தில் காட்டத் தயங்குகிறவர்கள் உண்டு. என் பார்வையில், அந்தத் தோல்விக் கணக்கே ஒரு பூச்சு விண்ணப்பத்தின் முதுகெலும்பு.

ரேடார் மட்டுமல்ல, சட்டமும் புதிய சிக்கல்களைத் தருகிறது. முலாம் தொட்டியில் இருக்கும் ஆறிணைதிற குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. 2017 செப்டம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் தனி அனுமதி இன்றி குரோமியம் டிரையாக்ஸைடைப் பயன்படுத்த முடியாது. அதனால் வெற்றிடத்தில் உலோகம் படியவைக்கும் முறைகளும் அதற்கேற்ற அடிப்பூச்சு, மேற்பூச்சுகளும் பெருகின. அதே குரோம் பளபளப்பை விஷம் இல்லாமல் வரவழைப்பதும் தீர்க்கத் தகுந்த தொழில்நுட்பச் சிக்கலே.

தோற்றம் மட்டுமே சொத்து என்றால் வேறு கதவு திறந்திருக்கிறது. கோடு, வடிவம், நிறக்கோவை ஆகியவற்றை 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் பதியலாம். முதலில் 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5. காப்புரிமைக்கு 20 ஆண்டு. ஒரே சின்னத்தின் முகத்தை அங்கேயும் அடுக்கை இங்கேயும் காக்கலாம்.

எனக்குப் பெரிய கவலை நேரம் பற்றியது. அம்பத்தூரிலும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலும் கார் நிறுவனங்களுக்கு உதிரிபாகம் செய்துதரும் சிறு வெண்டர்கள் ஏராளம். நல்ல பூச்சு ஒன்று கைகூடியதும் சாம்பிளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ரகசிய ஒப்பந்தம் இல்லாமல் கொடுத்த சாம்பிள் பின்னாளில் தங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லும். வண்டி சாலைக்கு வந்துவிட்டால் கதை முடிந்தது. பம்பரில் ஒரு துண்டை வெட்டி மின்னணு நுண்ணோக்கியில் வைத்தால் ஒவ்வொரு அடுக்கின் தடிமனும் உலோகமும் தெரிந்துவிடும். பகுத்தாய்ந்து திரும்பச் செய்ய முடிந்தால், சந்தைக்கு வந்த பொருளின் கலவை உலகறிந்ததுதான் என்று ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் விரிவாக்கப்பட்ட மேல்முறையீட்டுக் குழு 1992இலேயே சொன்னது. அதை அப்படியே திரும்பச் செய்ய முடியாது என்பதற்காக மட்டும் ஒரு பொருளை இந்தக் கணக்கிலிருந்து விலக்க முடியாது என்று 2025 ஜூலையில் இன்னும் இறுக்கியது. நம் சட்டத்திலும் விதிவிலக்குகள் மிகக் குறுகியவை.

சாம்பிள் கைமாறுவதற்கு முன் தற்காலிக விவரக்குறிப்பு ஒன்றைத் தாக்கல் செய்துவிட்டால் அந்தத் தேதி நிலைத்துவிடும். முழு விவரக்குறிப்பை முடிக்க 12 மாதம் அவகாசம் உண்டு. அதற்குள் ஒப்பீட்டுச் சோதனைகளைச் செய்து முடிக்கலாம். சிறு நிறுவனம் என்று சான்று காட்டினால் இணையவழித் தாக்கல் கட்டணம் 8,000 ரூபாய்க்குப் பதில் 1,600 ரூபாய்தான். சென்னைக் காப்புரிமை அலுவலகம் கிண்டியிலேயே இருக்கிறது.