ஏ.பி.எஸ். பிறேக்: கூடுதல் பணம் கொடுக்கலாமா?

கிராமப் பணியில் ஈடுபடும் எமக்கு வாகனம் ஆடம்பரப் பொருள் அன்று. விதைநெல், சீமெந்து, கர்ப்பிணித் தாய், பாம்பு கடித்தவர், கூட்டத்திற்கு வரும் மாதர் சங்கத்தினர் என எல்லாவற்றையும் எல்லாரையும் சுமப்பது அதுவே. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்ட போதிலும், புதிய வண்டியின் விலை ஒரு சாதாரண பங்கின் கைக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே பலரும் பழைய 'போர் வீல்' வண்டிகளையே தேடுகின்றனர். அங்கேதான் இக்கேள்வி எழுகிறது. ஏ.பி.எஸ். பிறேக் உள்ள வண்டிக்குக் கூடுதலாகக் கொடுப்பதா? அல்லது அது இல்லாத மலிவான வண்டியை வாங்கி, மிச்சப் பணத்தைக் கிணறு ஒன்றைத் திருத்துவதற்கு ஒதுக்குவதா?

அது செய்வது என்ன?

சாதாரண பிறேக்கை முழுப் பலத்துடன் மிதித்தால் சில்லு சுழலாமல் இறுகிவிடும்; வண்டியோ வழுக்கிக்கொண்டு செல்லும். முன்சில்லுகள் இறுகியபின் ஸ்ரியறிங்கை எப்பக்கம் திருப்பினாலும் பயனில்லை. ஏ.பி.எஸ். முறையில், சில்லுகளின் வேகத்தை உணரிகள் அளந்துகொண்டே இருக்கின்றன. ஒரு சில்லு இறுகப் போகிறது என்று கண்டதும், அதற்குச் செல்லும் பிறேக் எண்ணெயின் அழுத்தத்தை வால்வு ஒன்று தளர்த்தி, மீண்டும் கொடுக்கிறது. இது ஒரு செக்கனில் பல தடவை நடைபெறும். ஆகவே இதன் முதற் பயன் வண்டியை விரைவாக நிறுத்துவது அன்று. பிறேக் பிடித்தபடியே வண்டியைத் திருப்பும் ஆற்றலைச் சாரதியின் கையில் விட்டுவைப்பதே.

'போர் வீல்' வண்டி என்றால் பிறேக்கும் நன்றாகப் பிடிக்கும் என நம்புவோர் உளர். இது தவறு. நான்கு சில்லுகளும் இழுப்பது சேற்றிலிருந்து வெளியேற உதவுமேயன்றி, நிற்க உதவாது. மேலும், பாரமும் உயரமும் கூடிய இவ்வண்டிகள் பக்கவாட்டில் வழுக்கினால் புரளும் அபாயமும் கூடுதலாக உண்டு.

கிறவலில் ஒரு கணக்கு, தாரில் ஒரு கணக்கு

கிறவல் வீதியில் நிலைமை சற்று மாறுபடுகிறது. அங்கே இறுகிய சில்லு கல்லையும் மண்ணையும் தன் முன்னே ஆப்புப் போல் குவிக்கிறது. அக்குவியலே வண்டியைத் தடுக்கிறது. சில்லை இறுகவிடாத ஏ.பி.எஸ். முறையில் இக்குவியல் உண்டாவதில்லை. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 1990களின் இறுதியில் பல வாகனங்களைப் பரிசோதித்தது. பெரும்பாலான தளங்களில் ஏ.பி.எஸ். நிற்கும் தூரத்தைக் குறைத்தது. தளர்ந்த கிறவலில் மாத்திரம் அத்தூரம் சராசரியாக 27 வீதம் கூடியது. அதாவது 20 மீற்றரில் நிற்க வேண்டிய வண்டிக்கு ஏறத்தாழ 25 மீற்றர் தேவைப்படும்.

அதே நிர்வாகம் 2009இல் வெளியிட்ட ஆய்வொன்று இன்னுமோர் உண்மையைக் கூறுகிறது. ஏ.பி.எஸ். பொருத்திய வண்டிகள் விபத்துக்குள்ளாவது கார்களில் 6 வீதமும், ஜீப், வான், கப் போன்றவற்றில் 8 வீதமும் குறைந்திருந்தது. ஆயினும் உயிர் போகும் விபத்துக்களின் மொத்த அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஒருவகை விபத்துக் குறைய, வண்டி வீதியை விட்டு விலகி ஓடும் விபத்துக் கூடியதே இதன் காரணம். எனவே இக்கருவி உயிருக்கு உத்தரவாதம் என எவரும் எண்ணலாகாது.

எமது வீதிகள் எவை?

யுத்தம் 2009இல் முடிவடைந்த பின்னர் வன்னியின் பிரதான வீதிகள் மாறிவிட்டன. ஏ-9 வீதி காப்பெற் வீதியாயிற்று. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதோடு மன்னார் - பூநகரி வழியும் யாழ்ப்பாணத்துடன் நேரே இணைந்தது. முன்னர் குழிகளுக்குப் பயந்து மெதுவாக ஊர்ந்த எமது வண்டிகள் இன்று விரைந்து ஓடுகின்றன. மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு செக்கனில் 22 மீற்றரைக் கடக்கிறது. சாரதியின் கால் பிறேக்கைத் தொடுமுன்பே அத்தூரம் போய்விடும். வேகம் இருமடங்கானால், பிறேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும்.

அவ்வீதியிலேதான் கட்டாக்காலி மாடும், விளக்கில்லாத சைக்கிளும், பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளும் குறுக்கிடுகின்றனர். மாரியின் முதல் மழையில் தார் வழுக்கும். அவ்வேளையில் பிறேக்கையும் பிடித்து, வண்டியையும் திருப்ப முடிவது பெரிய காரியம். மலையகத்தின் ஈரமான வளைவுகளிலும் இது பொருந்தும். ஆனால் நீண்ட இறக்கத்தில் சூடேறித் தளர்ந்த பிறேக்கை ஏ.பி.எஸ். காப்பாற்றாது. அங்கே குறைந்த கியரே காவல்.

பணம் கொடுக்குமுன்

முதலாவது, சாவியைத் திருப்பும்போது ஏ.பி.எஸ். விளக்கு எரிந்து பின் அணைய வேண்டும். அணையாவிடின் பழுது உண்டு; சாதாரண பிறேக் மட்டுமே வேலை செய்யும். விளக்கு எரியவே இல்லையாயின் எவரோ பழுதை மறைத்திருக்கவும் கூடும். பழுதான ஏ.பி.எஸ்.ஸிற்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

இரண்டாவது, உணரிகளும் அவற்றின் வயர்களும் சில்லுகளின் அருகே உள்ளன. சேறும் தடியும் அவற்றைப் பழுதாக்கும். வாய்க்காலில் இறங்கி ஏறியபின் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, தேய்ந்த ரயரில் எந்த ஏ.பி.எஸ்.ஸும் பயன் தராது. நான்கு ரயர்களும் ஒரே அளவினவாக இருத்தல் அவசியம்.

நான்காவது, சாரதிக்குப் பயிற்சி வேண்டும். பழைய சாரதிகள் பிறேக்கை விட்டு விட்டு மிதிக்கப் பழகியவர்கள். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் உறுதியாக மிதித்து, காலை எடுக்காது, வண்டியைத் திருப்ப வேண்டும். மிதி காலின் கீழ் அதிரும், சத்தமும் வரும். பழுது என்றெண்ணிக் காலை எடுப்பவர் அதன் பயனை இழப்பார். ஆளில்லாத வெளியில், குறைந்த வேகத்தில், ஒருமுறை பழக்கிவிடுவது நன்று.

எமது முடிவு

வண்டியின் ஓட்டத்தில் பெரும்பகுதி தார் வீதியிலாயின், கூடுதல் பணம் கொடுப்பது தகும். உட்கிராமங்களின் கிறவல் பாதையில் மெதுவாகவே ஓடும் வண்டியாயின் நல்ல ரயர், பிறேக் திருத்தம், எல்லா ஆசனங்களுக்கும் பட்டி என்பனவே முதலில் வரவேண்டும். எவ்வண்டியாயினும், பின்தட்டில் மக்களை ஏற்றிக்கொண்டு பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. திடீரென நிற்கும் வண்டியிலிருந்து அவர்கள் தூக்கி எறியப்படுவார்கள்.

கோபுரம் கட்ட விரும்புபவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று ஆண்டவர் உவமை கூறினார். எமது கணக்கில் வண்டிக்குள் இருப்பவர் மட்டுமன்றி, வண்டிக்கு முன்னே வருபவரும் சேர வேண்டும். அந்தச் சைக்கிள்காரர் எமது செயற்குழுக் கூட்டத்திற்கு வருவதில்லை. அவருக்காகப் பேசும் கடமை எம்முடையது. கிணற்றை அடுத்த வருடமும் திருத்தலாம்.