புறநோயாளியின் திருப்தி

கீழக்கரை அரசு மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டுப் பெறும் ஒருவர், வரிசையில் நின்று, வைத்தியரைக் கண்டு, மாத்திரை வாங்கி வீடு திரும்பும்வரை அனுபவிப்பது யாவும் சேர்ந்ததே சிகிச்சை. வியாதி குணமாவது அதன் ஓர் அம்சம். அவேதிஸ் டொனபீடியன் என்னும் அறிஞர், சிகிச்சையின் தரத்தை அமைப்பு, செயல்முறை, பலன் ஆகிய மூன்றையும் கொண்டு அளக்கலாமென்று 1966-ஆம் ஆண்டிலேயே எழுதினார். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தோன்றியபின் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து கிரமமாக வந்து சேரும் வழி பிறந்தது. கிடைக்காதிருப்பது அவகாசமே. 67 தேசங்களைப் பற்றி 2017-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, வைத்தியர் நோயாளியுடன் செலவிடும் நேரம் வங்கதேசத்தில் 48 விநாடி என்றும், சுவீடனில் 22 நிமிஷத்துக்கு மேல் என்றும் கண்டது.

ரமலான் மாதத்தில் நீரிழிவுக்காக வரும் மூதாட்டியிடம், "நோன்பு பிடிக்கிறீங்களா உம்மா?" என்று கேட்க அரை நிமிஷம் போதும், கேளாமல் விட்டாலோ, காலை மாத்திரையை விடியலுக்கு முன் உண்ணும் ஸஹர் வேளைக்கும் இரவு மாத்திரையை நோன்பு திறக்கும் வேளைக்கும் தாமாகவே மாற்றிக்கொண்டு, அளவு பொருந்தாமல், பிற்பகலில் சர்க்கரை தாழ்ந்து அவர் மயங்கி விழக்கூடும்.

மத்திய அரசு 2016 முதல் நோயாளிகளின் அபிப்பிராயத்தைக் கைபேசி வழியே கேட்டு வருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், இலவசமாகச் சிகிச்சை பெற்றவர், நன்றியுணர்ச்சியால் "நல்லாப் பாத்தாங்க" என்றே சொல்லிவிடுவார். "மாத்திரையை எப்போது சாப்பிடச் சொன்னார்கள்?" என்று கேட்பதே என் அபிப்பிராயத்தில் மேலான பரீட்சை.