ஊக்கம் குன்றாத உடற்பயிற்சி: நடுவயதைக் கடந்தோர் கவனத்திற்கு



நம் பள்ளிவாசல்களின் ஓரங்களில் போடப்பட்டிருக்கும் நாற்காலிகளைச் சற்றுக் கவனியுங்கள். சில ஆண்டுகளுக்கு முன்புவரை எவர் துணையுமின்றித் தரையில் அமர்ந்து எழுந்தவர்கள் பலர் இன்று அவற்றை நாடுகின்றனர். நோயுற்றோருக்கு அது தேவையான சலுகையே. அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால், பெரிய நோய் ஏதுமின்றி, உடலை இயக்காத ஒரே காரணத்தால் கால்வலிமையை இழந்தவர்களும் அவர்களுள் உண்டு அல்லவா?

முப்பது வயதுக்குப் பின் ஒவ்வொரு பத்தாண்டிலும் நம் தசைகள் சுமார் 3 முதல் 8 விழுக்காடு வரை குறைகின்றன. அறுபதுக்குப் பின் இத்தேய்வு இன்னும் விரைவடைகிறது. படியேறத் தயக்கம், எழும்போது தடுமாற்றம், பின்னர் விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் என்று அது வளர்கிறது. இறுதியில் கழிவறைக்குச் செல்லவும் பிறர் கைபிடிக்க வேண்டிய நிலை வருகிறது.

"இந்த வயதில் இனி என்ன பயன்?" என்று கேட்போர் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில் நடந்த ஆய்வு 1990-ஆம் ஆண்டில் வெளியானது. அதில் பங்கேற்றோர் 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேர். எட்டு வாரக் கால்தசைப் பயிற்சியை ஒன்பது பேர் முழுமையாக முடித்தனர். அவர்களின் கால்வலிமை சராசரியாக இருமடங்கிற்கும் மேலாக உயர்ந்தது! முதுமையிலும் தசை பயிற்சிக்கு இணங்குகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அப்படியானால் தடை எது? அறியாமை அன்று, முதல் வாரத்து ஆர்வம் மூன்றாம் வாரத்தில் வடிந்துவிடுவதே தடையாகும். ஆர்வம் வரும், போகும். அதை நம்பியிராமல் பழக்கத்தை உருவாக்குவதே அறிவுடைமை.

2010-இல் வெளியான லண்டன் ஆய்வொன்றில் 96 பேர் ஏதேனும் ஒரு சிறு செயலை நாள்தோறும் ஒரே வேளையை ஒட்டிச் செய்துவந்தனர். அது தானாகவே நிகழும் பழக்கமாக மாற ஏறத்தாழ 66 நாள்கள் ஆயின. சிலருக்கு 18 நாள்களே போதுமாயின. சிலருக்கு 254 நாள்கள் வரை ஆகும் எனக் கணக்கிடப்பட்டது. இடையில் ஒருநாள் தவறியதால் பழக்கம் குலையவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இதிலிருந்து நாம் பெறும் வழிமுறைகள்:

ஒன்று: முன்பே நிலைபெற்ற ஒரு வேளையுடன் பயிற்சியை இணையுங்கள். சுப்ஹு தொழுகை முடிந்ததும் என்றோ, அஸருக்குப் பின் என்றோ முடிவு செய்துவிட்டால், "எப்போது செய்வது?" என்ற கேள்விக்கே இடமில்லை.

இரண்டு: சிறிதாகத் தொடங்குங்கள். சுவரோடு ஒட்டிய நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து அமருங்கள். சுவரில் கை ஊன்றி உடலை முன்னும் பின்னும் அசையுங்கள். மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தித் தாழ்த்துங்கள். நடைப்பயிற்சிக்கு வெளியே செல்ல வாய்ப்பில்லாத பெண்களுக்கும் இவை எளியவை.

மூன்று: செய்த நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து செய்தால் ஒருவர் சோர்வை மற்றவர் போக்கலாம்.

நான்கு: ஒருநாள் தவறினால் மனம் தளராமல் மறுநாள் தொடருங்கள்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கமும் இரண்டு நாள் தசைப்பயிற்சியும் தேவை. 65 வயதைக் கடந்தோர் மூன்று நாள்களேனும் உடற்சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும். இதுவே நாம் படிப்படியாகச் சென்றடைய வேண்டிய இலக்கு. சிறிதளவு இயக்கமும் நன்மையே என்று அவ்வழிகாட்டுதல் கூறுகிறது.

இதயநோய், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளோர் மருத்துவரைக் கலந்து தொடங்க வேண்டும். நெஞ்சுவலி, மயக்கம், கடும் மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவ உதவியை நாட வேண்டும்.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நாளை எவர் கையையும் எதிர்பாராமல் எழுந்து நிற்க, இன்றே ஐந்து முறை எழுந்து அமர்வோமாக!