மண்வளமும் உழவர் வருவாயும்: 1936-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம்

மண்ணைக் காப்பதும் உழவரின் வருவாயைக் காப்பதும் ஒரே செயல்தானா? இவ்வினாவுக்கு ஓர் அரசு அளித்த விடையையும் அதன் விளைவையும் அறிய, அமெரிக்க நாட்டின் 1930-களை நோக்குதல் தகும்.

முதல் உலகப் போரின் முடிவில் அங்கே ஒரு புஷல் கோதுமை 2 டாலருக்கு மேல் விற்றது. 1932-இல் அது 40 சென்டுக்கும் கீழே வீழ்ந்தது. விலை குறையக் குறைய, கடனை அடைப்பதற்காக உழவர் மேலும் மேலும் நிலத்தை உழுதனர். பெருஞ்சமவெளியின் புல்வேர் அறுபட்டது. மழை பொய்த்தபோது மண் காற்றோடு கிளம்பிற்று. 1935 ஏப்ரல் 14-ஆம் நாள் வீசிய புழுதிப் புயலால் அந்நாள் ‘கருப்பு ஞாயிறு’ எனப் பெயர் பெற்றது. இரு வாரங்களுக்குள் மண்பாதுகாப்புப் பணித்துறையை நிறுவும் சட்டம் நிறைவேறியது. ஹியூ ஹாமண்ட் பென்னட் அதன் தலைவரானார்.

வருவாய்ச் சிக்கலுக்கோ 1933-இலேயே வேறொரு சட்டம் இருந்தது. பயிரிடும் பரப்பைக் குறைத்தவருக்கு அரசு பணம் கொடுத்தது. அப்பணம், விளைபொருளைப் பதப்படுத்தும் ஆலைகள் மீது விதித்த வரியிலிருந்து வந்தது. 1936 ஜனவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் இத்திட்டத்தைச் செல்லாதென ஆறுக்கு மூன்று என்னும் பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. வேளாண்மையைக் கட்டுப்படுத்துதல் மாநிலங்களின் உரிமை என்பது அதன் கருத்து.

அரசு சோர்ந்துவிடவில்லை. பிப்ரவரி 29 அன்றே புதிய சட்டம் பிறந்தது. கோதுமை, மக்காச்சோளம், பருத்தி, புகையிலை ஆகியவை மண்ணை இளைக்கச் செய்யும் பயிர்கள் எனப்பட்டன. அவற்றைக் குறைத்துப் புல்லும் பயறுவகையும் வளர்ப்போருக்குப் பொதுக் கருவூலத்திலிருந்து பணம் வழங்கப்பட்டது. நம் நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் இளமரங்களுக்கிடையே பயற்றங்கொடிகளைப் படரவிடும் வழக்கத்தை அறிந்தவர்க்கு இதன் பயன் எளிதில் விளங்கும்: வேர்முடிச்சுகள் மண்ணில் நைட்ரஜனைச் சேர்க்கும், இலைப்போர்வை மழையின் அடியைத் தாங்கும்.

குறைக்கச் சொன்ன பயிர்கள், சந்தையில் மிகுந்து விலை இழந்து கிடந்த பயிர்களே என்பதைக் கவனிக்க வேண்டும். சட்டம் தன் நோக்கங்களுள் மண்வளத்தை முதலில் வைத்தது. உழவரின் வாங்கும் திறனை 1909–1914 கால நிலைக்கு மீட்பதை இறுதியில் வைத்தது. இவ்வரிசை நீதிமன்றத்தை நோக்கி அமைக்கப்பட்டது என்றே நான் கருதுகிறேன். ஆயினும் இதனை வெறும் சூழ்ச்சி என ஒதுக்கலாகாது. உழவர் தம் நிலத்தை நலியவிட்டது அறியாமையால் மட்டுமன்று. வறுமை அவருக்கு வேறு வழி விடவில்லை. ஆகவே, சமமட்ட உழவைக் கற்பித்த பென்னட்டின் துறை தனித்து வென்றிருத்தல் அரிது.

பணம் யார் கைக்குப் போயிற்று என்பதே கடினமான கேள்வி. 1933-ஆம் ஆண்டுத் திட்டத்தில் தென்மாநிலப் பருத்தி நிலங்களின் உடைமையாளரே பெரும்பங்கைப் பெற்றனர். பரப்பு குறைந்ததும் வாரக்குடிகள் பலர் வெளியேற்றப்பட்டனர். அதை எதிர்த்து 1934-இல் ஆர்கன்சாவில் அவர்கள் சங்கம் அமைத்தனர். நிலத்தை இழந்தவனுக்கு அந்நிலத்தின் வளம் பெருகினாலென்ன?

1970-களில் ஏற்றுமதி விலை உயர்ந்தபோது, ஓய்ந்திருந்த நிலங்கள் மீண்டும் உழப்பட்டன. அதனால் 1985-ஆம் ஆண்டுச் சட்டம், எளிதில் அரிப்புறும் நிலத்தைப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் ஒப்பந்தத்தில் ஓய்வுக்கு விடுவோருக்கு ஆண்டு வாடகை கொடுத்தது. சரிவான நிலத்தைப் பாதுகாப்பின்றி உழுவோர் அரசின் பிற உதவிகளை இழப்பர் என்றும் விதித்தது. இவ்வாறு ஓய்வில் இருந்த பரப்பு 2007-இல் 36 மில்லியன் ஏக்கரைக் கடந்தது. தானிய விலை ஏறிய பின்னர், 2016-இல் அது ஏறத்தாழ 24 மில்லியனாகச் சுருங்கியிருந்தது.