வகுப்பறையில் எழுந்த கேள்வி: மக்கள்தொகை மாற்றம் சொல்லும் உண்மை என்ன?

பிளஸ் டூ மாணவர்களின் புவியியல் பாடத்தில் மக்கள்தொகை பற்றிய பகுதி ஒன்று உண்டு. பிறப்பு விகிதம், இறப்பு விகிதம், இடப்பெயர்வு, வயதுக் கூம்பு என்று வரைபடங்களோடு அமைந்த பாடம் அது. அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்த நம் மஹல்லா மாணவி ஒருவர், வார விடுமுறை தீனிய்யாத் வகுப்பு முடிந்ததும் என்னிடம் கேட்டார்:

“ஹஜ்ரத், கிளாஸ்ல மக்கள்தொகை பெருக்கம் பத்திப் பாடம் நடந்துச்சு. பக்கத்துல இருந்த தோழி, ‘உங்க ஆளுங்கதான் நிறைய பெத்துக்கிறீங்க, இன்னும் கொஞ்ச நாள்ல நீங்கதான் மெஜாரிட்டி’ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னா. எங்க வீட்டுல நானும் தம்பியும் மட்டும்தான். ஆனா எனக்குப் பதில் சொல்லத் தெரியல. அவ சொன்னது உண்மையா?”

அந்தத் தோழியிடம் வெறுப்பு இல்லை. கேட்டதைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் ஒரு பிள்ளை தன் வகுப்பிலேயே கூனிக்குறுகி உட்கார நேர்ந்தது சிறிய விஷயமல்ல. இந்தக் கேள்விக்குக் கோபம் பதிலாகாது. பதில் அந்தப் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அதைப் பெற்றோர்களும் சேர்ந்து படித்துக்கொள்வது நல்லது.

மக்கள்தொகை எப்படி மாறுகிறது?

ஓர் ஊரின் மக்கள்தொகையை மூன்று விஷயங்கள்தான் மாற்றுகின்றன: பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு. ஒரு மஹல்லாவில் 1000 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓராண்டில் 18 குழந்தைகள் பிறக்கின்றன. 7 பேர் மவுத்தாகின்றனர். திருமணமாகி 2 பேர் வருகின்றனர். வேலைக்காக 5 பேர் குடிபெயர்கின்றனர். ஆண்டு முடிவில் 1008 பேர். ஒரு நாட்டின் கணக்கும் இதே கணக்குதான், எண்கள்தான் பெரியவை.

இந்த மாற்றம் எல்லாச் சமூகங்களிலும் ஏறக்குறைய ஒரே வரிசையில் நடக்கிறது என்பதைப் புவியியல் ‘மக்கள்தொகை மாறுதல் கோட்பாடு’ என்று கற்பிக்கிறது. முதல் கட்டத்தில் பிறப்பும் அதிகம், இறப்பும் அதிகம். பத்துப் பிள்ளைகள் பிறந்து நான்கைந்து தங்கிய நம் முன்னோர்களின் காலம் அது. இரண்டாம் கட்டத்தில் தடுப்பூசி, நல்ல குடிநீர், மருத்துவமனை ஆகியவற்றால் இறப்பு குறைகிறது. பிறப்போ பழைய அளவிலேயே இருக்கிறது. மக்கள்தொகை வேகமாக ஏறுவது இந்தக் கட்டத்தில்தான். மூன்றாம் கட்டத்தில் பெண்கள் படிக்கிறார்கள், திருமண வயது உயர்கிறது, பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வருகிறது. பிறப்பும் குறையத் தொடங்குகிறது. நான்காம் கட்டத்தில் இரண்டுமே குறைந்து, மக்கள்தொகை ஏறக்குறைய நிலைபெறுகிறது.

இந்தியாவும் இப்படித்தான் வந்தது. 1911-ல் சுமார் 25.2 கோடியாக இருந்த மக்கள்தொகை 1921-ல் 25.1 கோடியாகக் குறைந்தது. 1918-ன் விஷக் காய்ச்சல் லட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது இதற்கு முக்கியக் காரணம். அதன் பிறகு எந்தக் கணக்கெடுப்பிலும் குறைவு வந்ததில்லை. அதனால்தான் 1921-ஐப் ‘பெரும் பிரிவினை ஆண்டு’ என்கிறார்கள். 1951-ல் 36.1 கோடி, 2011-ல் 121 கோடி என்று உயர்ந்தோம். 2023-ல் சீனாவையும் முந்திவிட்டதாக ஐ.நா. மதிப்பிட்டது.

முஸ்லிம்களின் கணக்கு

இனி, அந்தத் தோழி சொன்ன விஷயத்துக்கு வருவோம். அதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்வதுதான் நேர்மை. 1951-ல் இந்திய மக்கள்தொகையில் முஸ்லிம்கள் சுமார் 9.8 சதவீதம், 2011-ல் 14.2 சதவீதம். 2001-க்கும் 2011-க்கும் இடையில் முஸ்லிம்களின் வளர்ச்சி 24.6 சதவீதம், இந்துக்களின் வளர்ச்சி 16.8 சதவீதம்.

இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் அதிகம். மீதிப் பாதியையும் பார்க்க வேண்டும்.

முதலாவதாக, சதவீதம் வேறு, எண்ணிக்கை வேறு. அந்தப் பத்தாண்டுகளில் முஸ்லிம்கள் 13.8 கோடியிலிருந்து 17.2 கோடியானார்கள். கூடியது சுமார் 3.4 கோடி. இந்துக்கள் 82.8 கோடியிலிருந்து 96.6 கோடியானார்கள். கூடியது சுமார் 13.8 கோடி. இரு சமூகங்களுக்கும் இடையிலான வித்தியாசம் 2001-ல் 69 கோடியாக இருந்து, 2011-ல் 79 கோடியாக அதிகரித்திருக்கிறது. ‘கொஞ்ச நாளில் மெஜாரிட்டி’ என்ற பேச்சு சாதாரணக் கழித்தல் கணக்கிலேயே நிற்காது.

இரண்டாவதாக, அந்த வளர்ச்சி வேகமே குறைந்துகொண்டு வருகிறது. 1981-91-ல் சுமார் 33 சதவீதமாக இருந்த முஸ்லிம்களின் வளர்ச்சி அடுத்த பத்தாண்டில் 29.5 ஆகி, பிறகு 24.6 ஆகியிருக்கிறது.

மூன்றாவதாக, ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை குழந்தைகள் பெறுகிறார் என்பதைக் காட்டும் ‘மொத்தக் கருவள விகிதம்’. இதுதான் எதிர்காலத்தைக் காட்டும் எண். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 1992-93-ல் இது முஸ்லிம்களிடம் 4.4, இந்துக்களிடம் 3.3. 2019-21 ஆய்வில் முஸ்லிம்களிடம் 2.36, இந்துக்களிடம் 1.94. அதாவது ஒன்றுக்கு மேல் இருந்த வித்தியாசம் அரைக்கும் கீழே வந்துவிட்டது. இந்த முப்பது ஆண்டுகளில் அதிகமாகக் குறைத்துக்கொண்டவர்கள் முஸ்லிம்களே. ஒரு தலைமுறை தன்னைத் தானே ஈடுசெய்துகொள்ள 2.1 போதும். அந்த எல்லையை நாமும் நெருங்கிவிட்டோம்.

“அப்படியானால் எண்ணிக்கை ஏன் இன்னும் கூடுகிறது?” என்று கேட்கலாம். இளைஞர்கள் அதிகமுள்ள சமூகத்தில் தாயாகும் வயதில் உள்ளவர்களும் அதிகம். ஒவ்வொருவரும் இரண்டே பிள்ளைகள் பெற்றாலும், பிறக்கும் மொத்தக் குழந்தைகள் சில காலம் அதிகமாகத்தான் இருக்கும். பிரேக் போட்ட பிறகும் ரயில் சற்று தூரம் ஓடித்தானே நிற்கிறது.

காரணம் மதமா?

அதே 2019-21 ஆய்வில் மாநிலங்களைப் பாருங்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஜம்மு-காஷ்மீரில் கருவள விகிதம் 1.4. இந்துக்கள் பெரும்பான்மையாக வாழும் பீகாரில் 3.0. தமிழ்நாட்டில் 1.8. மதம்தான் காரணம் என்றால் இந்த எண்கள் தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

உண்மையான காரணத்தையும் அந்த ஆய்வே காட்டுகிறது. பள்ளிக்கூடமே போகாத பெண்களிடம் விகிதம் 2.8. பன்னிரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ படித்த பெண்களிடம் 1.8. மிக ஏழ்மையான குடும்பங்களில் 2.6, வசதி மிக்க குடும்பங்களில் 1.6. மதப் பெயரைவிட, பெண்ணின் படிப்பும் குடும்பத்தின் வருமானமும் ஊரில் உள்ள மருத்துவ வசதியுமே இதில் அதிகம் பேசுகின்றன. 2006-ல் வெளியான சச்சார் கமிட்டி அறிக்கை, கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் இந்திய முஸ்லிம்கள் எவ்வளவு பின்தங்கியுள்ளனர் என்று எடுத்துச் சொன்னது. பின்தங்கிய இடத்தில் இந்த மாற்றமும் தாமதமாகத்தான் வரும்.

முஸ்லிம் நாடுகளும் இதற்குச் சாட்சி. 1970-களின் தொடக்கத்தில் பங்களாதேஷில் ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய ஏழு குழந்தைகள். இன்று ஏறக்குறைய இரண்டு. ஈரானில் 1980-களில் ஆறுக்கு மேல் இருந்தது. 2000-ஐ ஒட்டி இரண்டுக்கு வந்துவிட்டது. மக்களின் மார்க்கம் மாறவில்லை. பெண் கல்வியும் சுகாதாரமும்தான் மாறின.

மார்க்கத்தின் நிலை

‘இஸ்லாம் பிள்ளைகளை எண்ணிப் பார்க்கவே கூடாது என்கிறது’ என்று நினைப்பவர்கள் நம்மிடமும் உண்டு. நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே, வஹீ இறங்கிக்கொண்டிருந்த நாட்களிலேயே, ஸஹாபாக்கள் ‘அஸ்ல்’ எனும் தற்காலிகத் தடுப்பு முறையைக் கையாண்டதை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் அது பதிவாகியிருக்கிறது. தாயின் உடல்நலமும் குழந்தையின் வளர்ப்பும் கருதி, கணவன் மனைவி இருவரும் கலந்து பேசி, பிரசவங்களுக்கு இடைவெளி விடுவதை உலமாக்களில் பெரும்பாலோர் அனுமதித்துள்ளனர். இரண்டு முழு ஆண்டுகள் பாலூட்டுவதைக் குர்ஆன் குறிப்பிடுவதும் நமக்குத் தெரியும். அதேவேளை, வறுமைக்குப் பயந்து பிள்ளைகளைக் கொல்வதையும், பெண் குழந்தையை உயிரோடு புதைப்பதையும் மார்க்கம் வன்மையாகத் தடுத்துவிட்டது.

இதன் பலனாகவே கருதத்தக்க ஒரு கணக்கும் இருக்கிறது. 2011-ல் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்கு, முஸ்லிம்களிடம் 943 பெண் குழந்தைகள். நாட்டின் சராசரி 919. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் 943 என்பதும் போதாத எண்தான். பெருமைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட முடியாது.

பெற்றோர்கள் செய்ய வேண்டியவை

ஒன்று, பிள்ளைகளின் பாடப்புத்தகத்தைத் திறந்து பாருங்கள். மக்கள்தொகைப் பாடத்தை வீட்டிலேயே பேசுங்கள். பதில் தெரிந்த பிள்ளைக்குக் கோபம் வராது, பயமும் வராது. தோழியிடம், “சரி, வா, கணக்குப் போட்டுப் பார்ப்போம்” என்று சொல்லத் தெம்பு வரும்.

இரண்டு, பெண் பிள்ளைகளின் படிப்பைப் பாதியில் நிறுத்தாதீர்கள். பத்தாம் வகுப்போடு போதும், நல்ல சம்பந்தம் வந்துவிட்டது என்று முடித்துவிடும் வீடுகள் இன்னமும் இருக்கின்றன. படித்த தாயின் குழந்தை பிழைப்பதற்கும் படிப்பதற்கும் வாய்ப்பு அதிகம் என்பதில் ஆய்வுகள் ஒன்றுபடுகின்றன.

மூன்று, 2011-க்குப் பிறகு நாட்டில் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கும் என அரசு அறிவித்துள்ளது. சாதிவாரிக் கணக்கும் அதில் சேர்கிறது. கணக்கெடுப்பாளர் வரும்போது அஞ்சி ஒதுங்காதீர்கள். 1948-ஆம் ஆண்டு கணக்கெடுப்புச் சட்டப்படி தனிநபர் விவரங்கள் ரகசியமானவை. வழக்குகளில் சாட்சியமாகவும் பயன்படுத்த முடியாது. வீட்டில் உள்ளவர்கள், வயது, படிப்பு, தொழில், தாய்மொழி, பிரிவு அனைத்தையும் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் இடஒதுக்கீடும் இந்த எண்களை வைத்துத்தான் பேசப்படுகின்றன.

நான்கு, நம் சமூகத்திலேயே சிலர் ‘நாம் பெருகிக்கொண்டிருக்கிறோம்’ என்று மேடையில் முழங்குவதைக் கேட்கிறோம். வாட்ஸ்அப்பில் வரும் அப்படிப்பட்ட பெருமைப் பேச்சும், மறுபக்கத்து அச்சமூட்டும் பேச்சும் ஒரே தவறான கணக்கில்தான் நிற்கின்றன. இரண்டையும் பகிராதீர்கள்.

ஒரு சமூகத்தின் மதிப்பு அதன் தலைகளை எண்ணுவதில் இல்லை. அந்தத் தலைகளுக்குள் இருக்கும் அறிவிலும், நெஞ்சுக்குள் இருக்கும் இறையச்சத்திலும், அண்டை வீட்டாருக்கு நம்மால் கிடைக்கும் நன்மையிலும் இருக்கிறது. நம் பிள்ளைகள் வகுப்பறையில் தலைநிமிர்ந்து உட்கார, அவர்களுக்கு உண்மையைக் கற்றுக்கொடுப்போம். அல்லாஹ் நம் சந்ததிகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக. ஆமீன்.