சிரங்கும் சிற்றுண்ணியும்

இரத்தம் கெட்டதனால் சிரங்கு தோன்றுகிறது என்னும் எண்ணம் நம்மவரிடையே இன்னும் முற்றிலும் மறையவில்லை. விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் சிறு பருக்கள் கிளம்பி, இரவில் நமைச்சலால் உறக்கத்தைக் கெடுக்கும் இந்நோய்க்கு எட்டுக் கால்களையுடைய ஒரு சிற்றுண்ணியே காரணம். மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்கு நீளமுள்ள பெண் உண்ணி, தோலின் மேலடுக்கைக் குடைந்து வளை அமைத்து, நாளொன்றுக்கு இரண்டு மூன்று முட்டைகளை இடுகிறது.

1687-ஆம் ஆண்டிலேயே இத்தாலிய மருத்துவர் போனோமோ, செஸ்தோனி என்பாருடன் சேர்ந்து இதனை நுண்ணோக்கியில் கண்டு எழுதினார். மருத்துவ உலகம் செவிசாய்க்கவில்லை. 1834-இல் பாரிஸ் நகரில் ரெனூச்சி என்ற கார்சிகாத் தீவு மாணவர், தம் ஊர்ப் பெண்கள் செய்வதுபோலவே ஊசிமுனையால் உண்ணியை எடுத்துக் காட்டிய பின்னரே ஐயம் நீங்கிற்று. பேராசிரியர்கள் காணாததைக் கிராமத்துப் பெண்கள் அறிந்திருந்தனர்!

இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் ஷெப்பீல்டு நகரில், போரிட மறுத்த இளைஞர் சிலர் மெல்லன்பி என்னும் ஆராய்ச்சியாளரின் சோதனைக்குத் தாமே முன்வந்தனர். நோயாளிகளின் உடையையும் போர்வையையும் பயன்படுத்திய பின்னும் மிகச் சிலரையே நோய் பற்றிற்று. உடலோடு உடல் நெடுநேரம் ஒட்டியிருப்பதே அது பரவும் முதன்மையான வழி என்று தெளிவாயிற்று. மேலும், முதன்முறை பற்றியவருக்கு நமைச்சல் தோன்ற நான்கு முதல் ஆறு வாரங்கள்வரை ஆகின்றன. அதற்குள் அவர் தம்மை அறியாமலே பிறருக்கு நோயைக் கொடுத்துவிடக்கூடும்.

மும்பையிலோ தில்லியிலோ ஓரறையில் பலர் நெருங்கி உறங்க நேரும் நேயர்கள் இதனைச் சிறப்பாகக் கருதுதல் வேண்டும். சொறிபவர் மட்டும் மருந்திட்டால், நமைச்சலின்றி உண்ணியைச் சுமக்கும் தோழரிடமிருந்து நோய் அவருக்கே திரும்பி வரும். நாள்தோறும் குளிப்பவரையும் இது விடுவதில்லை. ஆகவே வெட்கப்பட்டு மறைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. அறையிலுள்ளோர் யாவரும் ஒரே நாளில் மருத்துவரை அணுகி, அவர் கூறும் களிம்பை ஒரே இரவில் பூசிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் தரப்படுவது 5 சதவீதப் பெர்மெத்ரின் களிம்பு. பெரியவர்கள் அதனைக் கழுத்து முதல் உள்ளங்கால்வரை ஓரிடமும் விடாது பூசி, காலையில் குளிக்கலாம். ஒரு வாரம் கழித்து மறுமுறை பூசுவது வழக்கம். கைக்குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் மருத்துவர் சொற்படியே நடக்க வேண்டும். உடைகளையும் விரிப்புகளையும் வெந்நீரில் துவைத்துக் காயவைத்தல் நலம்.

உண்ணிகள் மடிந்த பின்னும் இரண்டு மூன்று வாரங்கள் நமைச்சல் நீடிப்பதுண்டு. அதைக் கண்டு மருந்து பலிக்கவில்லையென நாள்தோறும் பூசிக்கொண்டிருந்தால் தோல்தான் புண்ணாகும். நான்கு வாரங்களுக்கு மேலும் நமைச்சல் நின்றாலோ, புதிய பருக்கள் கிளம்பினாலோ, மீண்டும் மருத்துவரிடம் காட்டுக.