கீழாநெல்லிக்கு எத்தனை பெயர்!

மஞ்சள் காமாலைக்கு நாட்டு மருத்துவர்கள் தரும் கீழாநெல்லியை அறியாத தமிழர் உண்டா? அதே செடி கன்னடத்தில் "நெல நெல்லி". மராத்தியில் "புயி ஆவளி". இந்தியில் "பூமி ஆம்லா".

பெயர் மாறினால் பாதகமில்லை. செடியே மாறிவிட்டால்? பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் செடிகள் பல உண்டு. கீழாநெல்லியின் காய் வழவழப்பானது. சிறு காம்பில் தொங்கும். அதன் இனத்துச் செடி ஒன்றில் காம்பு இராது. காயும் சொரசொரப்பாக இருக்கும்.

இத்தகைய குழப்பம் தீர வழி செய்தவர் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ். 1753-ல் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு செடிக்கும் லத்தீனில் இரண்டு சொற்களில் பெயர் சூட்டினார். முதற்சொல் பேரினத்தைக் குறிக்கும். அடுத்தது அச்செடிக்கே உரியது. நெல்லி மரம், கீழாநெல்லி, மேலாநெல்லி மூன்றையும் "பில்லாந்தஸ்" என்ற ஒரே பேரினத்தில் சேர்த்தார். நம் முன்னோரும் மூன்றையும் "நெல்லி" என்றே அழைத்தது வியப்பல்லவா! மேலாநெல்லிக்கு அவர் இட்ட பெயர் "பில்லாந்தஸ் மதராஸ்பதென்சிஸ்". மதராசைச் சேர்ந்தது என்று பொருள்.

அறிஞர்களும் தவறியதுண்டு. நம் கீழாநெல்லியை "பில்லாந்தஸ் நிரூரி" என்றே நெடுங்காலம் நூல்களில் எழுதி வந்தனர். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி என்பது பின்னரே தெளிவாயிற்று. நம்முடையது "பில்லாந்தஸ் அமாரஸ்". அமாரஸ் என்றால் கசப்பு. பழைய ஆராய்ச்சிகளில் "நிரூரி" என்று கண்டால், அது எந்தச் செடி என்று இன்று மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது.

வெளி மாநிலத்தில் மூலிகை வாங்கும் நம்மவர்கள் இந்த லத்தீன் பெயரையும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. கடைக்காரரின் மொழி எதுவானாலும், செடியின் பெயர் ஒன்றுதான்.